அவள் எங்களுக்கு என்ன வேணும்

எங்கள் வளவில் யாருக்கு யார் என்ன வேண்டும் என்று முடிவு செய்தவள் அவள்தான். அந்த வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

தேனியில் பருத்தி அரைக்கிற ஆலைக்குப் பின்னால், ரயில் தண்டவாளத்தைப் பார்த்தாற்போல, ஒரே ஓட்டுக் கூரைக்குக் கீழே ஆறு வீடுகள். அதைத்தான் வளவு என்போம். ஊர் அங்கே முடிந்துவிடும். அப்புறம் சோளக்காடுதான். ஆறு வீட்டிலும் ஆலை வேலைக்கென்று வந்தவர்கள். ஒரு குடும்பம் போடி, ஒரு குடும்பம் ஆண்டிபட்டி, நாங்கள் சின்னமனூர்ப் பக்கம். ஒரே கிணற்றில் இறைப்போம், ஒரே கொடியில் துணி காயப்போடுவோம். மற்றபடி ஒருவருக்கொருவர் ஒன்றும் கிடையாது.

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது அவளும் அவள் புருஷனும் ஐந்தாம் வீட்டுக்குக் குடிவந்தார்கள். எங்களுடையது நாலாம் வீடு. வண்டியிலிருந்து சட்டி பானையை இறக்கும் முன்னாலேயே அவள் ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றாள். உள்ளே இருப்பவர்களைத் தலையிலிருந்து கால்வரை பார்ப்பாள். தையல்காரன் அளவெடுக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் சொல்லுவாள்.

முதல் வீட்டில் ஆலை வாட்ச்மேன். "ஒங்களப் பாத்தா பெரியப்பா சாடை இருக்கு. இனிமே பெரியப்பாதேன்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் வாசலுக்கு வந்தாள். அப்பா காலில் ஏறிய முள்ளை ஊக்கால் நோண்டிக்கொண்டிருந்தார். கேட்காமலே உட்கார்ந்து, ஊக்கை வாங்கி, முள்ளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "அண்ணே, இந்தாக."

அப்பா அண்ணன் ஆனதும் அம்மா மதினி ஆகிவிட்டாள். நான் மருமகள்.

"அப்ப நான் ஒன்னைய அயித்தைன்னு கூப்பிடணுமாக்கும்?" என்றேன்.

"கூப்பிடாட்டியும் நான் அயித்தைதேன்" என்றாள்.

அம்மா சிரித்தாள். அம்மா சத்தம் போட்டுச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. ஒன்பது வருடமாக நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். என்னால் வராத சிரிப்பு ஒரு நிமிஷத்தில் அவளுக்கு வந்தது. அன்றைக்கே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது.

மூன்றாம் வீட்டுக்காரிக்கு மட்டும் அவள் பல மாதம் முறை வைக்கவில்லை. அந்த வீட்டுக்காரிக்கு அது பெரிய குறை. கிணற்றடியில் ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஏத்தா, வளவு பூராவும் மொறை கொடுத்துட்ட. நான் மட்டும் என்ன மொட்டைப் பனையா?"

"ஒனக்கு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

"எம்புட்டு நாளைக்கு?"

"போன வாரம் கொடிக்கயித்துக்குச் சண்ட போட்டோம்ல, அப்பவே முடிவு பண்ணிட்டேன். நீ எனக்குச் சம்பந்தி."

"எம்புள்ளைக்கு ரெண்டு வயசு, ஒனக்குப் பிள்ளையே கெடயாது. எப்பிடிடி சம்பந்தி?"

"கல்யாணம் எதுக்கு? சண்டைதேன் நல்லா வருதுல்ல."

கிணற்றடியே சிரித்தது. மூன்றாம் வீட்டுக்காரிக்கு வாய் கோணினாலும் சம்பந்தி என்ற பெயர் நிலைத்துவிட்டது.

விளையாட்டுக்குச் செய்கிறாள் என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். அவளுக்கு அது விளையாட்டு இல்லை. முறை வைத்துவிட்டால் அந்த முறைக்கு உள்ளதைச் செய்வாள், இல்லாததைத் தொடமாட்டாள். வாட்ச்மேன் பெரியப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் மகள் மாதிரிப் போய்க் கஞ்சி வைப்பாள். அப்பாவோடு ஒரு பாயில் உட்கார்ந்து சாப்பிடுவாள், கூடப் பிறந்தவள் மாதிரி. எனக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் பாவாடைத் துணி வரும். வேண்டாம் என்று மூலையில் எறிந்தால், "சாரமில்ல" என்று எடுத்து மடித்து வைப்பாள். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். அவள் மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அந்த ஒரு சொல்லைத்தான் அங்கேயிருந்து கொண்டுவந்திருந்தாள்.

எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவர் கூரைவரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம்தான். அதற்கு மேல் திறந்த வெளி, அதற்கு மேல் இரண்டு வீட்டுக்கும் ஒரே ஓடு. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் தூசி விழும். அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பாள்.

"ஏத்தா, கொழம்புக்கு உப்புப் போட்டேனா?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். என்னிடம் கேட்கமாட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும்.

"போடல மதினி. உப்பு டப்பா சத்தம் இன்னம் கேக்கல."

யுத்த காலத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனபோது இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே விளக்கை ஏற்றி அந்தச் சுவர்மேல் வைப்பது. இரண்டு வீட்டுக்கும் வெளிச்சம். ஒருநாள் எங்கள் எண்ணெய், ஒருநாள் அவர்கள் எண்ணெய். நான் முக்காலியில் ஏறி விளக்கை எங்கள் பக்கம் இழுத்து வைப்பேன். அம்மா பின்னாலேயே வந்து அதை அவள் பக்கம் தள்ளி வைப்பாள். "அவ அரிசி பொறுக்கிக்கிட்டிருக்காத்தா" என்பாள். நான் இங்கே இருட்டில் உட்கார்ந்திருப்பது அம்மாவுக்குத் தெரியாதா? தெரிந்துதான் தள்ளினாள் என்று நினைத்து நினைத்து வெந்திருக்கிறேன்.

அந்தச் சுவர் வழியாகத்தான் எனக்கு என் கதையே தெரியவந்தது. அம்மாவுக்கு ஒரே தம்பி. எனக்குத் தாய்மாமன். அவர் ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "வேலையிருக்கும்" என்பாள் அம்மா. ஒருநாள் மத்தியானம் நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொன்னாள். எனக்குக் காது குத்தும் நாளில் மாமா வந்த வண்டியின் அச்சு முறிந்துவிட்டதாம். நல்ல நேரம் போகிறது என்று அப்பா வீட்டுப் பெரியவர்கள் அவசரப்படுத்தி, வேறு யார் மடியிலோ என்னை உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்காரவேண்டிய பிள்ளை. மாமா ஓடிவந்து பார்த்தபோது என் காதில் தோடு கிடந்தது. சீர்த்தட்டை வாசலிலேயே வைத்துவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டார். அதற்கப்புறம் அம்மாவுக்குப் பிறந்தவீடு என்று ஒன்று இல்லை.

"அவன் வந்து நிக்கிறப்ப, 'இன்னொரு தடவ குத்துங்க'ன்னு நான் ஒரு வார்த்த சொல்லிருக்கணும். வாயத் தொறக்கலையே பாவி" என்று அம்மா அழுதாள்.

"சாரமில்ல மதினி, வருவாக. தம்பி எங்க போயிருவாக" என்று அந்தப் பக்கம் குரல் கேட்டது.

என் காதைப் பற்றிய கதை. என்னிடம் சொல்லாமல் அவளிடம் சொன்னாள். நான் காதைத் தொட்டுக்கொண்டு கண்ணை மூடியபடியே கிடந்தேன்.

நான் பெரியவளானபோதும் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பச்சை ஓலையில் குடிசை கட்டவேண்டியது அவர். வரவில்லை. அத்தைக்கு உள்ளதையெல்லாம் அவள் செய்தாள். தண்ணீர் ஊற்றினாள், மஞ்சள் பூசினாள். அப்பா தயங்கித் தயங்கி, "குடிசைய நீயே கட்டிரேன் தங்கச்சி, யாரு பாக்கப் போறா" என்றார்.

"அது மாமன் எடம்ணே. நான் அப்பன் வழி. நான் தொட்டா மொறை கெட்டுப்போகும்."

"வளவுல நீ வச்சதுதானே மொறை?"

"அதனாலதேன் தொடமாட்டேன்."

கடைசியில் வீட்டு மூலையில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு என்னை உட்காரவைத்தார்கள். அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவைத் தேற்றப் போன என்னை, தீட்டு, எழுந்து வராதே என்று உட்காரவைத்துவிட்டு, அவள் போய் அம்மா தோளைப் பிடித்துக்கொண்டாள். சாக்கு ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இருமல் வந்தது. ஆலையில் பருத்தித் தூசிக்குள் வேலை செய்கிறவர்களுக்கு வருகிறதுதான் என்றார்கள். அம்மாவுக்கு விடவில்லை. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு நான் அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்றேன். வயசுப்பிள்ளை, வேண்டாம் என்று அப்பா தடுத்தார். அவள் யாரிடமும் கேட்கவில்லை. மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டு, எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி, எங்கள் வாசலில் வந்து நின்றாள். "மதினி, போயிட்டு வாரேன்." அம்மாவைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்திருந்தோம். அம்மா கும்பிட்டாள். சட்டியைப் பார்த்துக் கும்பிட்டாளா, இவளைப் பார்த்தா, தெரியவில்லை. நானும் அன்றைக்குப் பட்டினி. அது அம்மாவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்கவில்லை.

கடைசி மாதத்தில் நான் தலைமாட்டிலேயே இருப்பேன். அம்மா கண்ணைத் திறந்ததும், "ஒங்க அயித்தைய வரச்சொல்லுத்தா" என்பாள்.

"நான்தேன் இருக்கேன்ல?"

"நீ இருந்தா நீ அழுவ. அவ இருந்தா நான் சிரிப்பேன்."

நான் எழுந்து போய்ச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

மார்கழியில் ஒரு காலை அம்மா போய்விட்டாள்.

கேதம் சொல்ல மாமா ஊருக்கு விடிந்ததும் ஆள் போனது. பொம்பளை செத்தால் பிறந்தவீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து, அதைப் போர்த்தித்தான் எடுப்பார்கள். அது இல்லாமல் போகிறவளை நாதியற்றவள் என்பார்கள். எல்லோரும் அந்தச் சேலைக்காகத்தான் காத்திருந்தார்கள். மத்தியானம் போன ஆள் தனியாகத் திரும்பிவந்தான்.

"கேட்டுக்கிட்டாக. சரி போங்கன்னு சொன்னாக."

"வாராகளா?"

"அதுக்கு ஒண்ணும் சொல்லல."

வாட்ச்மேன் பெரியப்பா வெயிலைப் பார்த்தார். "பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணுமப்பா" என்றார். பெண்கள் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள். கோடி இல்லாமத்தேன் போவா போல. பாவம், குடுத்து வச்சது அம்புட்டுத்தேன்.

அப்போதுதான் அவள் கூட்டத்தில் இல்லை என்று கவனித்தேன். அதுவரை அம்மா காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். கொஞ்ச நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து வளவுக்குள் வந்தாள். கடைத்தெருவுக்கு ஓடிப்போய் வந்திருக்கிறாள். ஒரு தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், பூ. நடுவில் கஞ்சி மொடமொடப்புப் போகாத சிவப்புச் சேலை. பிறந்தவீட்டுக்காரர்கள் எப்படி எடுத்துவருவார்களோ அப்படியே இரண்டு கையாலும் ஏந்தி வந்தாள்.

மூன்றாம் வீட்டுக்காரிதான் முதலில் கேட்டாள். "இது யாரு வீட்டுக் கோடி சம்பந்தி?"

"பொறந்த வீட்டுக் கோடி."

"நீ அவளுக்கு நாத்தனாளு. நீ எப்பிடிப் போடுவ?"

"நாத்தனா இல்ல. இன்னையோட அந்த மொறைய விட்டாச்சு." தாம்பாளத்தை நெஞ்சுவரை உயர்த்திப் பிடித்தாள். "இவ எனக்கு அக்கா. நான் இவளுக்குக் கூடப் பொறந்தவ."

மாமன் குடிசையைத் தொட்டால் முறை கெடும் என்று சொன்னவள். பத்து வருடத்தில் வைத்த முறையை அவள் மாற்றி யாரும் பார்த்ததில்லை.

"எந்த ஊரு, என்ன சனம்னு தெரியாது, கூடப் பொறந்தவளாம்ல" என்றாள் மூன்றாம் வீட்டுக்காரி. "சரி, இவ அக்கான்னா அவரு யாரு ஒனக்கு? அண்ணேன்னு கூப்பிட்ட வாயால இனிமே மச்சான்னு கூப்பிடுவியா?"

யாரோ சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. "கூப்பிட மாட்டேன்" என்றாள். "ஒண்ணும் கூப்பிட மாட்டேன். அந்த அண்ணன் எனக்கு இல்லன்னு ஆனாலும் சாரமில்ல. இவ கோடி இல்லாமப் போகக்கூடாது."

வாட்ச்மேன் பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா, "பிள்ளகிட்டக் கேளுங்க" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அம்மாவுக்கு அந்தச் சேலை பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதிவிடுகிறேன். வேறு யார் கையால் வந்தாலும் வேண்டாம் என்றிருப்பாள், இவள் கையால் வந்தால் வேண்டாம் என்றிருக்கமாட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சிரிப்பை வாங்கினாள், அழுகையை வாங்கினாள், விளக்கை வாங்கினாள், கடைசி மாதத்தை வாங்கினாள். இப்போது அம்மாவோடு ஒரே வயிற்றில் பிறந்தவளாகவும் ஆகிவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

"எங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தது ஒத்தத் தம்பிதேன்" என்றேன். நன்றாகச் சத்தமாகவே சொன்னேன். "தங்கச்சின்னு யாரும் கெடயாது."

அவள் என்னையே பார்த்தாள். ஏதாவது திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தாம்பாளத்தை இடுப்புக்கு இறக்கினாள். வழக்கமாகச் சொல்கிற அந்த ஒரு சொல்கூட வரவில்லை. கூட்டத்தின் கடைசிக்குப் போய், வேற்று ஆட்கள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டாள்.

அம்மா தன் பழைய சேலையோடு போனாள்.

அதற்கு அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். பத்து வருடத்தில் வளவில் பெரியப்பா உண்டு, சின்னம்மா உண்டு, மாமா உண்டு, சம்பந்திகூட உண்டு. அக்கா என்று அவள் யாரையுமே கூப்பிட்டதில்லை. ஏன் என்று அப்பாதான் சொன்னார். லயத்தில் மலைக்காய்ச்சல் வந்து அவள் வீட்டில் எல்லோரும் ஒரே மழைக்காலத்தில் போய்விட்டார்களாம். அவளுக்கு ஆறோ ஏழோ வயது. யாரோ தூக்கிக்கொண்டுவந்து போடியில் விட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் பெயர் எதுவும் அவளுக்குத் தெரியாது. அப்பா, ஆத்தா, பெரியக்கா, சின்னக்கா, இவ்வளவுதான் தெரியும்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"ஒங்கம்மா சொன்னா" என்றார். என்னிடம் சொல்லாதது இன்னும் ஒன்று.

இது நடந்து இரண்டு வருடம். அவள் சொன்னபடியே அப்பாவை அண்ணன் என்றும் கூப்பிடுவதில்லை, மச்சான் என்றும் கூப்பிடுவதில்லை. அவர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கிறாள். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா, "என்னைய அண்ணேன்னு கூப்பிட இப்ப யாரு இருக்கா" என்றார். நான் குழம்பை ஊற்றினேன். என்னையும் அவள் எதுவும் கூப்பிடுவதில்லை. மருமகளே இல்லை, மகளே இல்லை. "இந்தா", "ஏ பிள்ள", அவ்வளவுதான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் உப்பு டப்பாவைத் திறக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். என்னுடையது அவளுக்கும் கேட்கும். சுவர் வழியாக இருவரும் பேசுவதில்லை.

போன மாதம் ஆறாம் வீட்டுக்குக் கம்பத்திலிருந்து ஒரு புதுப் பெண் குடிவந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கிணற்றடியில் நான் குடத்தோடு நிற்கும்போது அவள் அந்தப் பெண்ணைத் தலையிலிருந்து கால்வரை பார்த்து அளந்துகொண்டிருந்தாள்.

"ஒனக்கு நான் பெரியம்மா. அந்தா மொத வீட்டுல இருக்காகளே, அவுக தாத்தா. மூணாம் வீட்டுக்காரி எனக்குச் சம்பந்தி, அவகிட்டப் பாத்துப் பேசு."

அந்தப் பெண் சிரித்துவிட்டு, என்னைக் காட்டிக் கேட்டாள். "இந்தக்கா ஒங்களுக்கு என்ன வேணும் பெரியம்மா?"

கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. வாளி பாதிக் கிணற்றில் தொங்கியது.

"அத அவகிட்டத்தேன் கேக்கணும்" என்றாள்.

அயித்தை என்றால் அப்பாவுக்குத் தங்கை திரும்பக் கிடைத்துவிடுவாள். சின்னம்மா என்றால் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவள் ஆகிவிடுவாள். இரண்டும் என் நாக்கு நுனிவரை வந்தன. கண்ணுக்குள் அம்மா சிரித்தாள், சுவரைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

"பக்கத்து வீடு" என்றேன்.

புதுப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வாளிக் கயிற்றை அப்படியே பிடித்துக்கொண்டாள். அப்புறம் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். குடிவந்த அன்றைக்குப் பார்த்த அதே மாதிரி.

"சரி. பக்கத்து வீடு" என்றாள். "அதுக்கும் செய்ய வேண்டியது இருக்குல்ல."

வாளியை மேலே இழுத்தாள். அந்தப் பெண் தன் குடத்தை நீட்டினாள். "நீ செத்த தள்ளுத்தா, பக்கத்து வீட்டுக்கு மொதல்ல ஊத்திர்றேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, என் குடத்தில் ஊற்றினாள். இன்னொரு வாளி இழுத்தாள். அதையும் ஊற்றினாள். குடம் நிறைந்து காலடியெல்லாம் ஓடியது. போதும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.